வாட்ஸப்பில் வந்த டாக்டர் குரல்

மினாஸ் மலைப்பகுதி

அன்புள்ள ஜோசிமாருக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? நம் பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நேற்று எங்கள் குழு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடப் போன வீட்டில் சுலெய்தி அக்கா என்பவர் அரிவாளோடு வாசலை மறித்தார். பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஊசி போட்டா ரத்தம் சுண்டிரும்னு டாக்டரே பேசியிருக்காரு, கேளு" என்று போனை நீட்டினார். அவருக்குப் பின்னால் அவர் புருஷன், கண்ணெல்லாம் மஞ்சளாகி, சுவரைப் பிடித்தபடி நின்றார்.

அவரை எங்கள் ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இறங்கும்போது அக்கா, "எனக்குப் போட்டுவிடு, தங்கச்சி" என்றார். அவர் புருஷன் பிழைப்பாரா என்று இன்னும் தெரியவில்லை.

ஜோசிமார், அதே டாக்டர் குரலைத்தான் போன வாரம் நீங்களும் எனக்கு அனுப்பினீர்கள். போனில் சொன்னால் சண்டையாகும், அதனால்தான் எழுதுகிறேன். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

அவள் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

ஜீப் கிளம்புகிறது.

எடிலேனி