கடைமடைக்கு யாரும் வரமாட்டேன் என்கிறார்கள்

ஜூன் 16, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள், முக்கியமாக எங்கள் அத்தாவிடம், அதாவது அப்பாவிடம். முகம் தெரியாதவர்களோடு கம்ப்யூட்டரில் இன்னொரு தடவை பேசினால் ப்ளஸ் டூவோடு சரி, காலேஜ் கிடையாது என்று சொல்லியிருக்கிறார். அத்தா சொன்னால் சொன்னதுதான்.

நான் பேசுவது இருநூறு பேரோடு. எல்லோரும் சேர்ந்து இரண்டு வருடமாகச் செய்த ஆன்லைன் ஆட்டம்: ஆளுக்கொரு வயல், எல்லோருக்கும் ஒரே ஆறு, முறை வைத்துத் தண்ணீர். வரும் ஞாயிறு வெளியாகிறது. அதற்கென்றே வாடகைக்கு எடுத்த இரண்டு சர்வர்களையும் தயார் செய்வது என் வேலை. அங்கே நான் 'அட்மின் தம்பி'. துபாயிலிருந்து ஆடும் என் சொந்த அண்ணன் அன்சாரும் நான் யாரென்று தெரியாமல் அப்படித்தான் கூப்பிடுகிறான், பாவம்.

ஜூன் 18, புதன்

ஒத்திகை. சர்வர்களுக்கு, ஆற்றுத் தண்ணீர் முதலில் பாயும் தலைமடை, கடைசியில் வந்து சேரும் கடைமடை என்று ஆசையாகப் பேர் வைத்தேன். ஒவ்வொன்றும் நூற்றிருபது பேரைத் தாங்கும். வந்தது நூற்றெண்பது பேர். அத்தனை பேரும் தலைமடையில் ஏறினார்கள். நாலு நிமிடத்தில் அது படுத்துவிட்டது. கடைமடையில் ஒரே ஒரு ஆள் — நான்.

இரண்டும் ஒரே மெஷின், ஒரே வேகம் என்று ஏழு தடவை எழுதினேன். "மூணு தலைமுறையா கடைமடைல கெடக்குறோம் தம்பி, ஆட்டத்துலயாவது தலைமடைல இருந்துட்டுப் போறேனே" என்கிறார் ஒருவர்.

ஜூன் 19, வியாழன்

ஆட்டத்துக்கு ப்ரோகிராம் எழுதும் பரணிதரன் அண்ணன், பேரை எடுத்துவிட்டு ஒன்று, இரண்டு என்று வை என்றார். வைத்தேன். எல்லோரும் ஒன்றில் ஏறினார்கள். ஒன்று என்றால் தலைமடையாம்.

அவருக்கென்ன, திருவையாறு. வாசலில் ஆறு. மேட்டூர் அணை திறந்து ஒரு வாரம், எங்கள் வாய்க்காலில் இன்னும் ஆடு மேய்கிறது.

ஜூன் 20, வெள்ளி

அடக்க முடியவில்லை. பழைய பேரையே திரும்ப வைத்துவிட்டுக் குழுவில் எழுதினேன்: "ஞாயித்துக்கெழம கடைமடைக்குத்தான் மொதத் தண்ணி. ஆறு மணிக்கு அதத்தான் தொறப்பேன். தலைமடை ஒம்போது மணிக்கு. கடைமடைல பொறந்தவ சொல்றேன், இஷ்டம்னா வாங்க."

பொறந்தவ. பொறந்தவன் இல்லை. ஒரே ஒரு எழுத்து. அழிப்பதற்குள் தொண்ணூறு பேர் பார்த்தாயிற்று. "தம்பி, தங்கச்சியா நீ?" என்று பரணிதரன் அண்ணன்.

அன்சார் தனியாக ஒரு வார்த்தை அனுப்பினான்: "ஹஃப்ஸாவா?" இவ்வளவு வாய் யாருக்கு என்று அவனுக்குத் தெரியாதா?

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். அத்தாகிட்ட சொல்லிருவானா? ஏன் இப்புடி அவசரப்பட்டேன் —

ஜூன் 21, சனி

அன்சார் போனில் அத்தாவிடம் முக்கால் மணி நேரம் பேசினான். சாப்பிடும்போது அத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 22, ஞாயிறு

ஆறு மணிக்குக் கடைமடையைத் திறந்தேன். ஆறே காலுக்கு நூற்றிருபதும் நிரம்பிவிட்டது. படுக்கவில்லை, நின்றது. இடம் கிடைக்காதவர்கள் இப்போது என்னைத் திட்டுகிறார்கள். அவர்களுக்குக் கடைமடைதான் வேண்டுமாம். இவர்களை என்னதான் செய்ய?

மணி ஒன்பது ஐந்து. தலைமடை சர்வர் இன்னும் லோட் ஆகி முடியவில்லை, இன்னும் இரண்டு நிமிடம் ஆகும் போல —

கதவைத் தட்டுகிறார்கள். அத்தா குரல்.

"ஹஃப்ஸா, அன்சார் லைன்ல இருக்கான். மணி ஒம்போது தாண்டிருச்சாம். ஏம்மா இன்னும் தலைமடையத் தொறக்கல?"