இடது ஓரம்

ஆரணி,
டிசம்பர் 8, ஞாயிறு

அன்பு மகள் அகல்யாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தை உதயாவும் அந்த எடின்பரோ குளிரில் மூக்கு சிவக்காமல் சுகமாக இருக்க வேண்டும். நான் நலம். நான் நலம் என்றால் இப்போதெல்லாம் நீ நம்புவதில்லை, அதனால் இந்த முறை சாட்சியோடு எழுதுகிறேன். சாட்சி இந்தப் பார்சலுக்குள் காகிதத்தில் சுருட்டி இருக்கிறது. கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை அதைப் பிரிக்காதே. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ என்னை ஒரு வாக்கியம்கூட முழுதாக முடிக்க விட்டதில்லை. இங்கே உன்னால் குறுக்கே பேச முடியாது.

முதலில் என் குற்றங்கள். நான் படித்த கான்வென்டில் வெள்ளிக்கிழமை ஆனால் கிறிஸ்தவப் பெண்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும். ஐந்து நிமிடத்தில் பாவத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி என் பென்சிலைத் திருடுவார்கள். எனக்கு அந்த வசதி இல்லாததால் உன்னிடம் சொல்கிறேன். மாவுக்கட்டுப் பிரித்ததும் இடது கை சரியாகிவிட்டது என்று இரண்டு மாதம் உன்னிடம் சொன்னது பொய். அந்தக் கையால் புடவைக் கொசுவத்தைப் பிடிக்க முடியவில்லை. வீடியோவில் நீ பார்த்த புடவை வெறும் முந்தானை, நைட்டிக்கு மேல் போர்த்தியது. கழுத்துக்கு மேலே தலைமையாசிரியை, கீழே நோயாளி. தலை பின்னிவிட்டது எதிர்வீட்டு ரேணுகாதேவி. இதையெல்லாம் பார்த்துவிட்டு உனக்குப் போன் போட்டது உன் குப்புராஜ் சித்தப்பா என்பதும் எனக்குத் தெரியும். குடியை விட்டதிலிருந்து அவருக்கு வாயில் எதையாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இப்போது என் சமாச்சாரத்தைப் போட்டு மெல்கிறார். சேவூரிலிருந்து மொபெட்டில் வந்து, "அண்ணி, ஒத்தையா இருந்துகினு இன்னா பண்ணப் போறீங்க, பொண்ணு சொல்ற எடத்துக்கு ஜல்தியா கிளம்புங்க, மூணு வேளை சோறு, லிப்டு வேற கீதாம்" என்று சொல்லிவிட்டு என் வீட்டில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நீ அனுப்பிய அந்தக் கோயம்புத்தூர் முதியோர் இல்லத்துப் புத்தகத்தை முழுதாகப் படித்தேன். எல்லாப் பக்கத்திலும் நரைத்த தலைகள் பல்லைக் காட்டிக்கொண்டு கேரம் ஆடுகின்றன. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்துவிடுமாம். மாலையில் பஜனையாம், என் குரலை ஒருநாள் கேட்டால் சாமியே வேறு இல்லம் பார்த்துக்கொண்டு போய்விடும். ஆனால் நீ வைத்த நிபந்தனை நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. டிசம்பர் இருபதுக்குள் இடது கை தேறாவிட்டால் அங்கே எனக்காகச் சொல்லிவைத்த அறையை உறுதி செய்வாய், தையில் வந்து என்னைக் கொண்டுபோய் விடுவாய். தனியாக இருக்கும் பெண்பிள்ளைக்கு ஒரு கை போதாது என்றாய். போதாதுதான். நாற்காலியில் ஏறி அப்பாவின் படத்தை நேராக்கப் போய்த்தானே அந்தக் கையை உடைத்துக்கொண்டேன். வலப்பக்கம் அரை அங்குலம் சாய்ந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை. அந்த மனிதர் இருந்தபோதும் என்னை எதன் மேலாவது ஏற்றிக்கொண்டுதான் இருந்தார், அது வேறு கதை.

பிசியோதெரபிப் பெண் கொடுத்த மஞ்சள் பந்தை நான் பிசையவே இல்லை. சிரித்த முகம் வரைந்த பந்து அது, எழுபத்து நாலு வயதில் அதன் முகத்தைப் பிசைந்துகொண்டு உட்கார எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் நீ சனிக்கிழமை வகுப்பில் கற்றுக்கொண்ட, நாடா நெய்கிற இன்கிள் தறியை எனக்கும் ஒன்று வாங்கி அனுப்பினாய். திறந்து பார்த்தால் இரண்டரை அடி மரச்சட்டம், பக்கவாட்டில் முளைகள், யாரோ பாதியில் விட்டுப்போன துணி ஸ்டாண்டு மாதிரி. கூடவே ஒரு கையேடு. அதில் ஆங்கிலப் பிழை பதினொன்று, சிவப்பு மையால் திருத்தி இதோடு வைத்திருக்கிறேன், உன் வகுப்பு டீச்சரிடம் கொடு.

எதிர்வீட்டு ஜெயவேலை உனக்கு நினைவிருக்கும், எட்டாம் வகுப்பில் என்னிடம் ஆங்கிலத்தில் ஒன்பது மார்க் வாங்கியவன், முப்பது வருடமாகப் பட்டுப் புடவை நெய்கிறான். மழையில் தறிக்குழியில் ஈரம் ஏறி அவனுக்கு வேலை நின்றிருந்தது, அதனால் நாள் முழுக்க என் வீட்டில்தான். வந்ததும் "இன்னா டீச்சர் இது, கோழிக் கூண்டா?" என்றான். தறி என்றேன். சுற்றிச் சுற்றி வந்து, "அச்சு எங்க, மிதி எங்க, ரெண்டும் இல்லாம இத தறின்னு எவன் டீச்சர் உங்களுக்கு வித்தது?" என்றான். அதற்குள் அவன் மனைவி ரேணுகா, "நீ சும்மா இரு, டீச்சர் நாடா நெய்யப் போறாங்க. பாவாடைக்குங்களா டீச்சர்?" என்று கேட்டாள். ஊரே பட்டுப் புடவை நெய்கிற ஊரில் நான் பாவாடை நாடா நெய்ய உட்கார்ந்த செய்தி அன்று சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரை போய்விட்டது. மறுநாள் கறிகாய் வண்டிக்காரன் எனக்கு எத்தனை கஜம் வேண்டும் என்று கேட்கிறான்.

நீளவாட்டில் ஓடும் பாவு நூலைச் சுற்றுவதற்கே நாலு நாள் ஆனது. அறுபது இழை, ஒன்று நூல் வளையத்துக்குள் புகுந்து போக வேண்டும், அடுத்தது வளையம் இல்லாமல் சும்மா போக வேண்டும். முப்பத்தொன்றாவது இழையில் தவறி இரண்டையும் வளையத்தில் விட்டேன். பிரித்தேன். மறுபடி அதே இடம். மூன்றாவது முறை நான் சொன்ன வார்த்தையை, எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் பெலிசிட்டா கேட்டிருந்தால் சொர்க்கத்திலிருந்தே பிரம்போடு இறங்கியிருப்பார். பிறகு நெசவு. வலது கைக்குக் குறுக்கே போகும் ஊடை நூலைத் தள்ளிவிடுவது மட்டும்தான் வேலை. இடது கைக்குத்தான் எல்லாம். வளையமில்லாத இழைகளை ஒருமுறை மேலே தூக்க வேண்டும், ஒருமுறை கீழே அமுக்க வேண்டும், அந்தப் பக்கம் வரும் ஊடையை வாங்கி இழுத்து ஓரத்தைக் கட்ட வேண்டும். கொஞ்சம் தளர்ந்தால் ஓரத்தில் நூல் தொங்குகிறது, கொஞ்சம் அதிகம் இழுத்தால் பட்டை குறுகி இடுப்பைப் பிடித்துக்கொள்கிறது. நீ தெரிந்துதான் இந்தத் தறியை அனுப்பினாய், கள்ளி. ஒரு நாளைக்குப் பத்து வரி, உடனே கையை வெந்நீரில் வைப்பேன். ஆறாம் நாள் இழைகளுக்குள் விரலைக் கொடுத்துத் தூக்கச் சொன்னேன், மோதிர விரல் தூக்கவில்லை. என் விரல், என் சொல் கேட்கவில்லை. ரேணுகாவை வீட்டுக்குப் போகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். அன்றைக்குப் பயந்தேன், அகல்யா. அந்தக் கேரம் போர்டு கண் முன்னால் வந்து நின்றது.

ஏழாம் நாள் அந்த விரல் கொஞ்சம் தூக்கியது. எட்டாம் நாள் பதினைந்து வரி, அதற்குப் பிறகு நாளுக்கு நாள் ஏறி நூறைத் தாண்டியது. முதல் முழம், அந்தக் காலத்தில் சாராயக்கடை சாத்திய பிறகு வீட்டுக்கு வருகிற உன் சித்தப்பா மாதிரி இருக்கிறது, தெருவின் இரண்டு பக்கத்தையும் விசாரித்துக்கொண்டு. இரண்டாம் முழம் இப்போது கோயிலுக்குப் போகிற உன் சித்தப்பா, நேராகத்தான் நடக்கிறார், ஆனால் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் சிரமம். மூன்றாம் முழத்தில் ஜெயவேல் சிரிப்பதை நிறுத்தினான். நான்காவது தொடங்கும்போது, "லண்டன் போற சரக்கு, வெறும் நூலாவா அனுப்புவீங்க?" என்று (உன் ஊர் அவனுக்கு லண்டன்தான், திருத்தி அலுத்துவிட்டேன்) ஓடிப்போய் நல்ல சரிகை எடுத்துவந்தான். "ஊடையில போடுங்க டீச்சர், முந்தானைக்கு அப்படித்தான், பளபளன்னு நிக்கும் பாருங்க" என்று அவனே சுற்றியும் கொடுத்தான். நானும் எடின்பரோவில் எல்லோரும் வாயைப் பிளக்கட்டும் என்று இரண்டு நாள் நெய்தேன். பளபளக்கவில்லை. அரக்கு நூலும் வெள்ளை நூலும்தான் தெரிந்தன, சரிகை போன இடமே தெரியவில்லை. ஜெயவேல் போனில் டார்ச் அடித்துத் தேடினான். "எங்க டீச்சர் போச்சு?" என்றான், நான் தின்றுவிட்ட மாதிரி. அவன் தறியில் பாவும் ஊடையும் சரிசமமாகத் தெரியும். இந்தச் சின்னத் தறியில் பாவு இழைகள் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன, ஊடை அவற்றுக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. கையேட்டில் பதினாலாம் பக்கம் அதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். அந்த வாக்கியத்தில் இருந்த எழுத்துப் பிழையை நான்தான் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன், விஷயத்தைப் படிக்கவில்லை. இதை உதயாவிடம் சொல்லாதே.

ஜெயவேல் இரண்டு நாள் வரவில்லை. ரேணுகா வந்து, "முப்பது வருசம் தறியில உக்காந்த மனுசன், ஒரு பாவாடை நாடா பேஜார் பண்ணிடுச்சின்னு சோறுகூட திங்கமாட்டேன்றாரு டீச்சர்" என்றாள், சிரித்துக்கொண்டே. நான் சரிகைப் பகுதியைப் பிரித்து வெறும் நூலிலேயே மறுபடி நெய்யலாம் என்று காலையில் ஜன்னலோரம் தூக்கிக்கொண்டுபோய்ப் பிடித்தேன். அப்போதுதான் பார்த்தேன். ஊடை திரும்புகிற இடத்தில், ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில், கடுகில் பாதி அளவுக்கு ஒரு பொன்புள்ளி எட்டிப் பார்க்கிறது. வலது ஓரம் நேராக இருப்பதில் ஆச்சரியம் இல்லை, அந்தக் கை எப்போதும் ஒழுங்கானது. இடது ஓரத்திலும் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன, நோட்டில் மார்ஜின் போட்ட மாதிரி. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். கடைசிப் பதினெட்டு அங்குலத்தில் மூன்று இடத்தில் மட்டும் புள்ளி வரிசையை விட்டு வெளியே வந்திருக்கிறது. மூன்று இடத்திலும் சிவப்பு நூல் முடிந்திருக்கிறேன், நீ கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம். ஜெயவேலைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "பிரிக்காதீங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னான்.

இப்போது காகிதத்தைப் பிரி. முதல் முழத்தை வெட்டிவிட்டு நல்லதை மட்டும் அனுப்பியிருக்கலாம், ரேணுகாவும் அதைத்தான் சொன்னாள். ஆனால் பொய் சொல்லி ஒருமுறை மாட்டியாயிற்று. அதனால் முழுதாக, தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம்வரை அனுப்புகிறேன். அழகு, நிறம், மாமியார் வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் வேண்டாம், இடது ஓரத்தை மட்டும் பார். ஒன்பது நாளாக நானே கொசுவம் வைத்துப் புடவை கட்டுகிறேன், நானே தலை பின்னுகிறேன். இன்னும் முடியாதவை இரண்டு: ஊறுகாய் பாட்டில் மூடியும் ஈரப் போர்வையைப் பிழிவதும். மூடியை ரேணுகா திறக்கிறாள், திறந்த கையோடு இரண்டு கரண்டி ஊறுகாயும் எடுத்துக்கொள்கிறாள். போர்வையைப் பிழியாமலே காயப்போடுகிறேன், அது சொட்டிக் காய்வதால் உலகம் அழியவில்லை. ஆகையால் அந்த இல்லத்துக்கு எழுதிவிடு, கேரம் ஆடத் தெரிந்தவர்கள் யாருக்காவது என் அறையைக் கொடுக்கட்டும். ஓரத்தைப் பார்த்த பிறகும் உனக்கு மனம் ஒப்பவில்லை என்றால் காரணத்தைக் கடிதமாக எழுது. படிப்பேன், சிவப்பு மை தொடாமல் படிப்பேன்.

மாப்பிள்ளை சளிக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டாம், மிளகு ரசம் வைத்துக் கொடு. உதயா ஈரத் தலையோடு வெளியே போகக் கூடாது. இந்தப் பட்டையை உன் பைக்கு வாராகத் தைத்துக்கொள், உங்கள் நாய்க்கு மட்டும் கட்டாதே, அதற்குள் ஜெயவேலின் சரிகை இருக்கிறது. நீங்கள் மூவரும் கைகால் திடமாக, ஒருவரை ஒருவர் அதிகம் படுத்தாமல், நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

ஒரு நினைவூட்டல். அப்பாவின் படம் இன்னும் வலப்பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. நாற்காலியில் ஏறமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன், ஏறவில்லை. ஜெயவேல் சரி செய்கிறேன் என்று இரண்டு முறை கேட்டான், வேண்டாம் என்றுவிட்டேன். தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுகிறேன். தையில் நீ வந்து நேராக்கு.

உன் அம்மா,
குணசுந்தரி