அம்மாவுக்குத் தெரியாத கூட்டல்

என் செல்லத் தம்பி நிரோசனுக்கு,

உன் மேளம் இன்னும் மண்டபத்தில்தான் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ அதைத்தான் முதலில் கேட்பாய், அம்மா எப்படி இருக்கிறார் என்று பிறகுதான் கேட்பாய். கோபிக்காதே, உன்னை எனக்குத் தெரியாதா?

சுவிஸில், இந்தப் பீல் நகரத்தில் இருக்கிற நம்முடைய சின்னக் கூடைப்பந்துக் கழகம் ஐரோப்பியக் கிண்ணத்தில் ஆடப்போகிறது என்றதும் நீ போட்ட கூத்து நினைவிருக்கிறதா? பாசலில் வேலையில் நின்ற எனக்குப் போன் அடித்து, ஐரோப்பா வந்துவிட்டது என்று கத்தினாய். பிறந்ததிலிருந்து ஐரோப்பாவில் இருக்கிறவனுக்கு அன்றைக்குத்தான் ஐரோப்பா வந்தது. அதன்பிறகு அந்தப் பருவம் முழுக்க அம்மாவின் குசினியில் கூடைப்பந்துதான் வெந்தது.

குழுச் சுற்றைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போனபோது, அம்மாவுக்கு விதியை விளங்கப்படுத்த நீ பட்ட பாடு! ஒரு ஆட்டம் அங்கே, ஒரு ஆட்டம் இங்கே, இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் யார் மிஞ்சுவது என்று பார்ப்பார்கள். "அங்க எத்தினை புள்ளியால தோத்தமோ, அதைவிடக் கூட இங்க வெல்லவேணும் அம்மா" என்றாய். அம்மா கறியைக் கிளறியபடியே, "வெண்டா வெண்டதுதானே. அதுக்குள்ள என்ன கூட்டலும் கழித்தலும்?" என்றார். நீ சிரித்துவிட்டு விட்டுவிட்டாய்.

வெளியூர் ஆட்டத்தில் ஒன்பது புள்ளியால் தோற்றோம். ஒன்பதெல்லாம் ஒரு புள்ளியா, இங்கே வரட்டும் பார்ப்போம் என்று எனக்கு எழுதினாய். அடுத்த ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வாரத்துக்குள், ரயில் பெட்டி திருத்துகிற உன் பட்டறையில், வேலை உடுப்போடு விழுந்து போய்விட்டாய். நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். என்ன அவசரம் உனக்கு? இன்னும் ஒரு வாரம் பொறுக்க ஏலாமல் போயிற்றா?

உன்னைத் தகனம் செய்து இரண்டாம் நாள் ஆட்டம். துடக்கு வீடு, தீட்டுக் கழியவில்லை, சனம் நிறைந்திருந்தது. அம்மா காலில் சப்பாத்தை மாட்டுவதைக் கண்டு மாமா முகம் சுளித்தார். துடக்கோடு விளையாட்டுப் பார்க்கப் போவதா என்று கேட்டார்.

"நான் விளையாட்டுப் பாக்கப் போகேல்லை. பிள்ளையின்ர மேளம் அங்க கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறன்" என்றார் அம்மா. நான் கூடப் போனேன்.

உன் இருக்கையில் மேளத்தை வைத்து, உன் செம்மஞ்சள் சால்வையை அதற்குச் சுற்றியிருந்தார்கள். அதை ஒருவரும் தொடவில்லை. வருடக்கணக்காக நீ மேளம் அடிக்க உன் பக்கத்தில் நின்று பாடிய லூக்கா என்னைக் கட்டிப்பிடித்தான். அம்மா மேளத்தைத் தூக்கப் போனபோது ஆட்டம் தொடங்கிவிட்டது. சரி என்று பக்கத்தில் இருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் தலையில் வைப்பதுபோல மேளத்தின் மேல் ஒரு கையை வைத்தபடி கடைசிவரை இருந்தார்.

தம்பி, நம்முடைய பெடியன்கள் என்ன ஆட்டம் ஆடினார்கள் தெரியுமா! கடைசி நிமிடத்தில் பதின்மூன்று புள்ளி முன்னால் நின்றோம். மண்டபமே எழுந்து நின்றது. நானும் எழும்பினேன். உன் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். அந்த ஒரு நொடி நீ செத்தது எனக்கு மறந்துபோயிற்று. திரும்பினால் மேளம்தான் இருந்தது.

அதற்குள் எதிரணிக்காரர் தூரத்திலிருந்து இரண்டு பந்து எறிந்து போட்டார்கள், ஒவ்வொன்றும் மும்மூன்று புள்ளி. மணி அடித்துவிட்டது. ஏழு புள்ளியால் வென்றோம், இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் இரண்டு புள்ளி குறைவு. வென்றும் வெளியே போனோம்.

பெரிய பெரிய ஆம்பிளைகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். வீரர்கள் தரையில் இருந்துவிட்டார்கள். அம்மா புள்ளிப் பலகையைப் பார்த்தார். நம்முடைய ஆட்களுக்குத்தானே கூட என்று என்னைக் கேட்டார். ஓம் என்றேன். மண்டபத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார்.

"பார் பிள்ளை, வெண்டும் ஒருத்தரும் சிரிக்கேல்லை. எல்லாரும் என்ர பிள்ளைக்காக அழுகினம்."

அங்கே தோற்ற ஒன்பதை நான் அம்மாவுக்கு நினைவுபடுத்தவில்லை.

அம்மா எழுந்துபோய் லூக்காவின் கண்ணைத் துடைத்துவிட்டார். அழவேண்டாம், அவன் சந்தோசமாகத்தான் இருந்தான் என்று தமிழில் அவனுக்கு ஆறுதல் சொன்னார். மேளத்தை எடுக்கவில்லை. இவ்வளவு சனம் அழுகிற இடத்திலேயே அது இருக்கட்டும் என்றார். வீட்டுக்கு வந்து மாமாவுக்கு எல்லாவற்றையும் சொன்னார். மாமாவுக்கு ஆட்டத்தின் முடிவு தெரியும், போனில் பார்த்திருந்தார். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

உன் முப்பத்தொன்றாம் நாள் கிரியைக்கு லூக்கா வந்தான். அம்மா அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, அன்றைக்கு அழுத எல்லோருக்கும் நன்றி சொல்லச் சொன்னார். நான் அதை அப்படியே சுவிஸ் ஜெர்மனில் சொன்னேன். அவன் கையில் எடுத்த சோற்றோடு அப்படியே இருந்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. பிறகு அம்மாவை நேரே பார்த்து, நீ பழக்கிய தமிழில் சொன்னான்.

"ஓம் அம்மா. நிரோசனுக்கு."

அது பொய்யா, தம்பி? எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்த இரண்டு புள்ளிக்காக மட்டுமா அத்தனை பேர் அப்படி அழுவார்கள்?

இப்போது அம்மா எல்லா ஆட்டத்துக்கும் போகிறார். உன் இருக்கையில்தான் இருக்கிறார், மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு. இலையுதிர் காலத்தில் கிண்ணப் போட்டி மறுபடி தொடங்கும். நானும் பாசலிலிருந்து ரயிலேறி வருவேன், அம்மாவின் பக்கத்தை விட்டு அசையமாட்டேன். அங்கே தோற்று, இங்கே வென்று, எல்லோரும் மறுபடியும் அழ நேர்ந்தால் அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பார். இன்னும் அவனுக்காகவா என்று கேட்பார்.

ஓம் என்று சொல்லுவேன், தம்பி. சத்தியமாகச் சொல்லுவேன்.

வேறு தம்பி இல்லாத,
உன் அக்கா