தூங்கினவர்கள் மட்டும் உள்ளே

ஆவணி 9, செவ்வாய்
காலையிலேயே வெயில். காற்றில்லை. சுகர் மாத்திரை, இட்லி மூன்று. பஸ் ஏறுவதற்குள் களைப்பு.

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். பட்டாசு மருந்து கலக்கும் ஷெட்டில் நேற்று நான் நின்றபடியே கண்ணயர்ந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். மெஷின் மாட்டி ஒழுங்காகத் தூங்கினால் போர்மேனாகவே இருங்கள், இல்லாவிட்டால் கேட்டில் உட்காருங்கள் என்றார். மரியாதையாகத்தான். அவர் அப்பா காலத்தில் சேர்ந்தவன் நான். வருகிற வண்டியை எண்ணவா?

களைப்பு சுகரோடு வந்தது. மதுரை டாக்டரோ தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்கிறார். அதற்குத்தான் மூக்கில் மாட்டி இரவெல்லாம் காற்றடிக்கும் மெஷின். போன மாதமே வாங்கியாயிற்று. மாட்டித்தான் படுக்கிறேன். பலனில்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஆவணி 10, புதன்
வெக்கை. லீவு போட்டேன். செருப்பு தைக்கக் கொடுத்தது இன்னும் வரவில்லை.

மெஷின் விற்ற ஆள் வீட்டுக்கு வந்தார். பார்த்ததும் சிரிப்பு. மெஷினை நடுவீட்டில் வைத்து, வேறொரு குழாயை ஒட்டுப்போட்டு, இடைச்சுவர் ஜன்னல் வழியாகப் படுக்கையறைக்குக் கொண்டுவந்திருந்தேன். காற்று பாதி வழியிலேயே கசிந்துவிடுகிறதாம்.

மோட்டாரும் ஆளும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. எங்கள் கம்பெனியில் மோட்டார் எப்போதும் சுவருக்கு வெளியே. ஒரு பொறி போதும். மெஷினோடு வந்த புத்தகத்தை அகராதி வைத்து நானே படித்தேன். சுவரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அது அவர்கள் தப்பு.

"படுக்கையில வெடிமருந்தா வச்சிருக்கீங்க அய்யா?" என்றார் அவர்.

அடுப்படியிலிருந்து என் மனைவி பேச்சியம்மாள்: "மருந்தில்ல தம்பி, அம்புட்டும் வீம்பு."

மெஷினைக் கட்டிலருகே வைத்துவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டியதும் பழைய இடத்துக்கே மாற்றினேன்.

ஆவணி 11, வியாழன்
மேகம். தீபாவளி ஆர்டர், வேன் நிறைய ஆட்கள்.

என் ஷெட்டில் ஒரு வழக்கம், நான் வைத்தது. உள்ளே நுழையுமுன் உடம்பு மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். அதற்கும் முன்னால் ஒவ்வொருவரிடமும் கேட்பேன்: ராத்திரி தூங்கினாயா? கண்ணையும் பார்ப்பேன். தூங்காதவர் அன்று காகிதக் குழாய் உருட்டும் ஷெட்டுக்கு. கூலி குறைவு. கெஞ்சினாலும் விடமாட்டேன். போன மாதம் மாரியம்மாளைத் திருப்பினேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரவெல்லாம் விழித்திருந்தவள்.

இன்று வரிசையில் அவள்தான் கடைசி. தகட்டில் கை வைக்காமல் நின்றாள்.

"நீங்க தூங்குனீகளா அண்ணாச்சி?"

போர்மேனை யாரும் கேட்பதில்லை என்றேன்.

"கேக்கணும்ல. உள்ள நாங்களும்தான இருக்கோம்."

அவள் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. உள்ளே போனவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வாசலில் நான் பொய் சொன்னதில்லை. துணைப் போர்மேனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, குழாய் ஷெட்டுக்குப் போனேன். உருட்டிக்கொண்டே தூங்கிவிட்டேன். எழுந்தபோது பசை கையில் காய்ந்திருந்தது. அங்கே நான் தூங்கினால் யாருக்கும் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் மெஷினைக் கட்டிலருகே வைத்தேன். சுவிட்சைப் போடுமுன் கை தானாக ஜன்னல் கம்பியைத் தொட்டது. பேச்சி பார்த்தாள்.

ஆவணி 13, சனி
ஈரக் காற்று. நேற்றும் குழாய் ஷெட்தான்.

மெஷினோடு இரண்டு இரவு. மூக்கின்மேல் வடு. முதல் இரவு கழற்றி எறிந்தேன், மறுபடி மாட்டினேன். நேற்று குறட்டைச் சத்தம் இல்லையென்று பேச்சி பயந்து, என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாளாம். விடிந்தும் அவள்தான் எழுப்பினாள். தலைவலி இல்லை. சுகர் வழக்கம்போல.

ஷெட் வாசல். மாரியம்மாள் கேட்குமுன்பே தூங்கினேன் என்றேன்.

"கண்ணக் காட்டுங்க."

குனிந்தேன். நான் மற்றவர்களிடம் சொல்வதுபோலவே கீழிமையை இழுக்கச் சொன்னாள். இழுத்துக் காட்டினேன்.

"முந்தாநாளுக்குத் தேவல. இன்னும் செவப்பு இருக்கு. திங்கக்கெழம பாப்போம் அண்ணாச்சி."

நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். குழாய் ஷெட்டுக்கு நடந்தேன்.