தங்க மை பூசிய போல்ட்

மேசை இழுப்பறையில் சாக்பீஸ் டப்பாவுக்குப் பின்னால் கிடந்த இரண்டு பித்தளை போல்ட்டுகளை இன்று காலை வெளியே எடுத்தேன். சாக்பீஸ் தூள் படிந்து மங்கியிருந்தன. வேட்டி நுனியால் துடைத்தபோது, நீ கடைசல் பிடித்த அன்று மின்னிய மாதிரியே மின்னின. இவை உன்னுடையவை. உன் பந்தய வண்டியிலிருந்து உனக்குத் தெரியாமல் நான் கழற்றிக்கொண்டு வந்தவை. எட்டு வருஷம் இந்த இழுப்பறையில் இருந்தன. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எடுக்க வைத்தது உன் மகள்தான். ஏழு மணிக்கு மாரிச்செல்வி போன் செய்தாள். உன் வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளி, கூடுதல் வேகமுள்ள எஞ்சினை ஏற்றிவிட்டாள் என்பது எனக்கு முன்பே தெரியும். இன்னும் மூன்று ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது பந்தயத்துக்கு; அவளேதான் ஓட்டப்போகிறாள். "பின்பக்க ஷாக் அப்சார்பருக்கு மேல் போல்ட்டு ரெண்டும் புதுசா கடைஞ்சிட்டேன் மாமா. அப்பா நோட்டுல இருக்க அளவுதான். அப்பா மாதிரியே பித்தளையில" என்றாள். சொல்லும்போது குரலில் ஒரு சந்தோஷம்.

கையிலிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டேன். உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நாலு நடை நடந்தேன். பிறகு போல்ட்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாத்தூர் பஸ் ஏறினேன். சூலக்கரை தாண்டும்வரை அவளிடம் எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று யோசித்தேன். நாற்பது வருஷம் இயற்பியல் நடத்தியவனுக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை.

உனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஐம்பத்தாறு வயதில். கேரளாவுக்குப் பட்டாசு லோடு போன லாரியில் கூடப் போனவன், வழியில் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்துச் சாலையில் வண்டியை நிறுத்தச் சொல்லி வேடிக்கை பார்த்துவிட்டு வந்தாய். மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் நின்றாய். "ஏலே வாத்தி, மலையில ஒத்தைக் காரு போகுது. எதுக்க ஆளே கிடையாது. கடியாரத்தோடதான் சண்டை. நாமளும் செய்வோம்லே." பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து உன்னுடைய 'செய்வோம்'களுக்கு நான் தலையாட்டித்தான் பழக்கம். டீக்கடையில் விஷயம் பரவியபோது, மலையேறுவது என்றால் சதுரகிரி ஏறுவது மாதிரியா, செருப்பில்லாமல் ஓட்ட வேண்டுமா என்று கேட்டார்கள். மலையே இல்லாத ஊரில் மலைக்கு ஒரு வண்டி கட்டத் தொடங்கினோம்.

பழைய எண்ணூறு சிசி கார் ஒன்று. பின் சீட், கதவுப் பஞ்சு, கண்ணாடி, எல்லாவற்றையும் பிடுங்கினோம். அடித்தகடும் கதவின் உட்புறமும் சிவகாசி அச்சகங்களில் காலண்டர் ஓட்டித் தள்ளிய அலுமினியப் பிளேட்டுகளால் ஆனவை. மாரிச்செல்வி அப்போதே அச்சகத்தில் மெஷின் பராமரிப்புக்குச் சேர்ந்திருந்தாள். கட்டுக்கட்டாகக் கொண்டு வருவாள். அதனால் உன் பக்கத்துக் கதவில் முருகனும், என் பக்கத்துக் கதவில் ஆடி மாதமும் இருந்தன. அமாவாசை கார்த்திகை எல்லாம் பார்த்துக்கொண்டே ரிவெட் அடித்தோம்.

எடை பார்க்க விருதுநகர் மிளகாய் வத்தல் குடோனுக்கு வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? ஒவ்வொரு சக்கரமாகத் தராசு மேடையில் ஏற்றி, மற்ற மூன்றுக்கும் அடியில் அதே உயரத்துக்குப் பலகை வைத்து, தும்மித் தும்மிக் குறித்தோம். ஒரு சக்கரம் மட்டும் ஏன் குறைவாக நிற்கிறது என்று கேட்டாய். சப்பரம் தூக்கும் நாலு பேரில் ஒருவன் குட்டை என்றால் அவன் தோளில் பாரம் இறங்காது, மற்றவர்கள் சுமப்பார்கள், அது போலத்தான் என்றேன். "அப்பம் குட்டையன் காலுக்கு அடியில கட்டை குடுப்போம்" என்று சொல்லி அந்தப் பக்கத்து ஸ்பிரிங்குக்கு அடியில் வளையம் போட்டாய். என் வகுப்பில் ஒருவனும் இவ்வளவு சீக்கிரம் உதாரணத்திலிருந்து விடைக்குப் போனதில்லை.

ஆனால் கொட்டகை உன் ஆட்சி. அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷம் போர்மேனாக இருந்தவன் நீ. மருந்து ஷெட்டுக்குள் போகுமுன் உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட வேண்டும் என்ற அதே சட்டத்தை இங்கேயும் வைத்தாய். வாசலில் தகடு அடித்து, வயர் இழுத்து மண்ணில் புதைத்தாய். தொடாமல் உள்ளே வந்தால் என்னையும் வெளியே அனுப்புவாய். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறு காந்தம். ஷெட்டுக்குள் வரும் சாமானில் இரும்பு இருக்கிறதா என்று பார்க்கக் கம்பெனியில் பழகியது. என் குடைக் கம்பியைக்கூட ஒரு நாள் சோதித்தாய்.

அதைப் பற்றி நாங்கள் யாரும் கேலி பேசியதில்லை. உன் அண்ணன் மருந்து ஷெட்டோடு போனது எதனால் என்று ஊருக்கே தெரியும். மருந்து கிளற யாரோ அவசரத்துக்கு எடுத்து வந்த ஓர் இரும்புக் கரண்டி.

எடை சமமாக வேண்டுமென்று பெட்ரோல் டேங்கை சீட்டுக்குப் பின்னால், இரண்டு ஷாக்குகளுக்கும் நடுவே கொண்டு வந்தோம். அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. டேங்கைச் சுற்றி ஒரு முழத்துக்குள் இரும்போடு இரும்பு உரசிப் பொறி பறக்கக் கூடாது என்றாய். வண்டியே இரும்புதானே என்று கேட்டேன். "அசையாத இரும்பு ஒண்ணும் செய்யாதுலே. அசையுற இரும்புதான் ஆளைத் தின்னும்." அசைகிற இடம் ஷாக்கின் மேல் முனை. அங்கே இருந்த இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பித்தளையில் கடைந்து மாட்டினாய்.

பித்தளைக் குடம் கை தவறினால் நசுங்கும். எந்த வீட்டுக் குடத்தையும் பார், ஒரு சொட்டையாவது இருக்கும். மலையில் வளைவுக்கு வளைவு பள்ளத்தில் விழுந்து எழும் வண்டியின் முழு அடியையும் அந்த இரண்டு போல்ட்டுகள்தான் வாங்க வேண்டும். ஒன்று அறுந்தால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். வளைவில் உட்கார்ந்தால் தோட்டத்துப் பள்ளம். குடத்து உதாரணம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பெட்ரோலுக்குப் பக்கத்தில் இரும்பைப் போடு என்று, உன் அண்ணனின் தம்பியிடம், நான் எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. அதற்குப் பதிலாக நான் செய்ததை இப்போது எழுதுகிறேன்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால், ஆடி வெள்ளி, வண்டிச் சாவியை இருக்கன்குடி மாரியம்மன் காலடியில் வைத்து வாங்கி வரப் போனாய். நீ போன பஸ் கிளம்பியதும் கொட்டகைக்குள் போனேன். செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போனேன், அதை நம்பு. நல்ல எஃகு போல்ட் இரண்டு வாங்கி, தலையில் அச்சகத்துத் தங்க மை பூசி, மூன்று நாள் மாடி வெயிலில் காயவைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகைக்கு அடிக்கும் அதே மை. மாட்டிவிட்டுப் பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. நீ விபூதியோடு வந்து, சாவியையும் கொடுத்து, எனக்கும் பூசிவிட்டாய். நெற்றி சுட்டது.

அந்த இரண்டு நாளும் உன் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காந்தம் வெளியே வருகிறதா, வருகிறதா என்று. பந்தயத்து அன்று ஓட்டுநர் அங்கியை மாட்டியதும்தான் மூச்சு வந்தது. அதில் பை இல்லை.

அதற்குள் இன்னொன்று. வண்டிகளைச் சோதிக்க வந்த அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, "இது என்ன, பித்தளையா?" என்றார். ஆமாம் சார், நானே கடைந்தது என்று பெருமையாகச் சொன்னாய். அவர் பேனாவை மூடினார். இந்த வண்டி மேலே போகாது என்றார். நீ சண்டைக்கு நின்றாய். உன்னை ஹெல்மெட் எடுத்து வர அனுப்பிவிட்டு, இடது போல்ட்டின் தலையில் வீட்டுச் சாவியால் ஒரு கோடு கீறிக் காட்டினேன். உள்ளே எஃகு. அவர் போல்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "என்னலே சொன்ன அந்த ஆளுகிட்ட?" என்று கேட்டாய். பித்தளையின் குணங்களை விளக்கினேன் என்றேன்.

நீ மேலே போன அந்தச் சில நிமிஷங்களைப் பற்றி என்ன எழுத? கீழே நின்றவனுக்குச் சத்தம் மட்டும்தான். ஒவ்வொரு வளைவிலும் எஞ்சின் அடங்கும், பிறகு எழும். அடங்கும்போதெல்லாம் இனி எழாது என்று நினைத்தேன். நாலாவது வளைவுப் பள்ளத்தில் உனக்கு முன்னால் போன இரண்டு வண்டிகள் உடைந்து நின்றிருந்தன. நீ தாண்டினாய். பரிசு ஒன்றும் இல்லை; கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வரும் இடம். ஆனால் இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றி நீ சொன்னது ஒன்றே ஒன்று.

"பாத்தியாலே வாத்தி, பித்தளை நின்னுச்சு."

அதற்குப் பிறகு இந்தச் சொல்லை எத்தனை முறை கேட்டிருப்பேன்? டீக்கடையில், கல்யாணப் பந்தியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில். யார் வண்டியைப் பற்றிக் கேட்டாலும் முழுக் கதையும் சொல்லி, முடிவில் என் பக்கம் திரும்புவாய். "பித்தளை நின்னுச்சு. வாத்தியைக் கேளுங்க." நானும் தலையாட்டுவேன். நண்பனின் பெருமையைக் கெடுக்காமல் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு ஓர் எண்ணம்.

இன்று கொட்டகைக்குப் போனபோது மாரிச்செல்வி காருக்கு அடியில் படுத்திருந்தாள். வாங்க மாமா, சாப்பிட்டீகளா என்ற குரல் மட்டும் வந்தது. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். போல்ட்டுகளை எடுத்து அவள் கடைந்த புதிய போல்ட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் வெளியே வந்து, வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்தாள்.

"எங்கப்பாவ ஏமாத்திட்டீக" என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் கோபித்துக்கொண்டாலும் பித்தளையை மாட்டாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. அவள் ஸ்பேனரை எடுத்தாள். பின்பக்கத்தை நாளைக்குத்தான் பிரிப்பதாக இருந்தாளாம். இப்போதே பார்த்துவிடுவோம் என்றாள்.

இடது போல்ட் முதலில் வந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நான் எஃகைக் காட்டக் கை நீட்டினேன். நான் மாட்டிய போல்ட் அப்படியே வரவில்லை. அதன் உடம்பு முழுக்க மெல்லிய பித்தளைக் குழாய் ஒன்று, கைவிரலில் மோதிரம் மாதிரி கச்சிதமாக ஏறியிருந்தது. தலைக்கு அடியில் பித்தளை வாஷர். வண்டிப் பக்கத்துத் துளையும் குழாயின் கனத்துக்குத் தக்கபடி பெரிதாக்கப்பட்டிருந்தது. இரும்பு பாரத்தைத் தாங்கும். ஆனால் இரும்போடு இரும்பு உரசாது. இப்படி ஒரு வழி எனக்குத் தோன்றவே இல்லை.

"இதை நீங்க போடலயா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

அவள் போல்ட்டின் தலையை நகத்தால் சுரண்டினாள். அச்சகத்துக்காரி அல்லவா, மையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "ரெண்டு பூச்சு இருக்கு மாமா. அடியில வெளிர் தங்கம். மேல செந்தங்கம். இந்தச் செந்தங்கத்த நாந்தான் ஒரு டப்பா கொண்டாந்து குடுத்தேன். பந்தயம் முடிஞ்சு வந்த வாரம். எதுக்குப்பான்னு கேட்டதுக்கு, ஒரு கீறல் இருக்கு, மூடணும்னாக."

போல்ட்டை அவள் கையிலிருந்து வாங்கி, அந்தக் கீறலை நகத்தால் தடவிப் பார்த்தேன்.

அந்த வாரமே உனக்குத் தெரிந்திருக்கிறது. கீறலைப் பார்த்திருக்கிறாய், காந்தத்தை வைத்திருக்கிறாய், கழற்றி, கடைந்து, மாட்டி, என் கீறலின் மேல் உன் மையைப் பூசியிருக்கிறாய். பிறகு ஏழு வருஷம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே "வாத்தியைக் கேளுங்க" என்றிருக்கிறாய். அது கேலியா? நான் வாய் திறப்பேனா என்று தூண்டில் போட்டாயா? இல்லை, உன்னைக் காப்பாற்றியதாக நான் நினைத்துக்கொண்டிருப்பதைக் கெடுக்க வேண்டாம் என்று விட்டாயா? எந்த முகத்தோடு சொன்னாய் என்று ஒவ்வொரு பந்தியாக நினைத்துப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாய். ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்னபோது மட்டும் என் கையைப் பிடித்திருந்தாய். நான் அப்போதும் தலையாட்டினேன்.

மாரிச்செல்வி தன் பித்தளை போல்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டாள். புதிய எஞ்சினுக்குத் தக்கபடி இன்னும் தடித்த எஃகு போல்ட், அதன் மேல் பித்தளைக் குழாய், நாளைக்கே கடைந்துவிடுவேன் என்றாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"மலையில இருந்து இறங்கி வந்து நானும் அதையேதான் சொல்லுவேன், பித்தளை நின்னுச்சுன்னு. உங்களக் கேக்கச் சொல்லுவேன். தலைய ஆட்டணும், சரியா?"

சரி என்றேன். மூன்று வாரம் கழித்து அந்த மலையடியில் மறுபடி நிற்பேன். எஞ்சின் ஒவ்வொரு வளைவிலும் அடங்கி எழுவதை எண்ணிக்கொண்டிருப்பேன். அவள் இறங்கி வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது.

உன் போல்ட்டுகள் இரண்டையும் மேசை மேலேயே வைத்துவிட்டுப் போகப் பார்த்தேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் என் சட்டைப் பையில் திருப்பிப் போட்டுவிட்டாள். நீ காந்தம் வைத்திருந்த அதே பக்கத்துப் பை. பஸ்ஸில் வரும்போது குலுங்குகிற ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவை ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன. பித்தளை, பொறி பறக்காது. கையை வைத்து அழுத்திக்கொண்டே வீடு வந்தேன்.