கருப்பைக்கு வெளியே

அன்புள்ள அத்தானுக்கு,

இந்த மாதமும் வர முடியாது என்று சொல்லிவிட்டீர்கள். சிங்கப்பூரில் வேலை அதிகமாக இருக்கும். இங்கே மழை விட்டபாடில்லை.

இன்று காலை செம்பனைத் தோட்டத்திலிருந்து தனேஸ்வரி என்ற பெண்ணை எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். வயிற்றுவலியில் வேலையிடத்திலேயே சுருண்டு விழுந்தவள். ஸ்கேன் கருவியைக் கட்டிலருகே தள்ளிக்கொண்டு போய் அவள் வயிற்றில் வைத்துப் பார்த்தேன். கருப்பை காலியாக இருந்தது. கரு அதற்கு வெளியே கருக்குழாயில் தங்கி, குழாய் வெடித்து, வயிறெங்கும் இரத்தம். அந்தக் கருவின் இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

திரையை அவளும் பார்த்துவிட்டாள்.

“அது துடிக்குதுல்ல டாக்டர்? அப்புறம் ஏன் எடுக்கணும்? எத்தன வருசமா காத்திருந்தோம்.”

“இல்லன்னு சொல்லிடுங்க லா,” என்று தாதி என் காதில் முணுமுணுத்தாள்.

என்னால் முடியவில்லை. “துடிக்குதும்மா. ஆனா அது அங்க வளர முடியாது. விட்டா நீயும் போயிடுவ,” என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அழுதாள். பிறகு தலையசைத்தாள். அறுவைக்கூடத்து வாசல் வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டே போனேன்.

பிழைத்துக்கொண்டாள். மாலையில் போய்ப் பார்த்தேன். “நான் அத பாத்தேன்ல டாக்டர்,” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அத்தான், எனக்கு இப்படி ஆனபோது நான் மயங்கிக் கிடந்தேன். நீங்கள்தான் திரையருகே நின்றீர்கள். அதைப் பற்றி நீங்கள் பேசியதே இல்லை. நானும் கேட்டதில்லை.

நம்முடையதும் துடித்ததா?

போனில் வேண்டாம். வந்து சொல்லுங்கள்.

உங்கள் மனைவி