எட்டு மணி மாத்திரை

6-2-1984
மாதத் தேர்வுப் பேப்பர் முப்பது பாக்கி. கை ஓடவில்லை. இவருக்கு ஹார்ட் அட்டாக் வந்து இன்றோடு ஒரு மாதம். தாலுகா ஆபீஸ் படியில் இன்றைக்கும் நெஞ்சு பிடித்ததாம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் ரெண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். மூணு வேளையும் மாத்திரை போட்டும் ஏன்?

8-2
பீரோவில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே ஒரு மாசத்து ராத்திரி மாத்திரை! கேட்டா, "பொழுது போனப்புறம் நாம தண்ணி தொடறதில்லன்னு உனக்குத் தெரியாதா?"ங்கறார். தெரியும். நானும் சமண வீட்டுப் பொண்ணுதான், ஏழு வயசுலேர்ந்து அப்படித்தான். ஆனா டாக்டர்கிட்ட சொல்ல வாணாமா? நான் கேட்டப்பல்லாம் "போட்டாச்சு"ன்னாரே. தண்ணியில்லாம எப்படி முழுங்குவார்னு நானாவது யோசிச்சேனா?

9-2
டாக்டர் ராஜேந்திரன் தலையில் அடித்துக்கொண்டார். "பொழுதோட போட்டா விடியறதுக்குள்ள வேகம் போயிடும்மா. எட்டு மணிக்குத்தான் போடணும். முதல்ல வேலூர் போய்ப் படம் எடுங்க."

21-2
வேலூர். தொடை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றில் மட்டும் இல்லை, இதயத்துக்குப் போகிற மூன்று ரத்தக் குழாயிலும் அடைப்பு. "அட்டாக் வந்தவங்கள்ல நிறைய பேருக்கு இப்படித்தாங்க இருக்கு" என்றார் பெரிய டாக்டர். பீடி இல்ல, முட்டை தொட்டதில்ல. நெய்தான் ஜாஸ்தி. ஆபரேஷன் மே மாதம். அதுவரை ஒரு வேளைகூட விட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லையாம்.

22-2
கெஞ்சினேன். திட்டினேன். ஊஹூம். கடைசியில், "பாவத்தை நான் மட்டும்... சுமக்கணுமா கனகா?"ன்னார்.

ஓ, அதானா.

ரெண்டு டம்ளர் தண்ணி கொண்டாந்து வச்சேன். மணி எட்டு. முதல்ல நான் குடிச்சேன். நாற்பது வருஷத்து விரதம் — அவ்வளவுதான். என்னையே பார்த்துக்கிட்டிருந்தவர் மாத்திரையை வாயில போட்டுக்கிட்டார்.

10-3
தினம் ரெண்டு டம்ளர்.

15-5
நேற்று ஆபரேஷன். ஆறு மணி நேரம். கண் திறந்தார். வேறொன்றும் எழுதத் தெம்பில்லை.

2-9
இனி மாத்திரை காலையில் மட்டும் போதும் என்று போன வாரம் டாக்டர் சொன்னார். அன்றைக்கே மனுஷர் விரதத்துக்குத் திரும்பிவிட்டார். எனக்குத்தான் எட்டு மணியானால் நாக்கு வறள்கிறது. இன்றைக்கு டம்ளரை எடுத்தேன்.

"பொழுது போய் எவ்ளோ நேரமாச்சு, வெக்கமில்லாம தண்ணி குடிக்கிறியே, நாலு பேர் பார்த்தா என்னா நினைப்பாங்க?"ன்னு அதட்டறார். நடுவுல ஒரு இடத்துலகூட நிக்கல. மூச்சு வாங்கல.

எனக்கு அழுகை வந்துடுச்சு. முழு டம்ளரையும் குடிச்சுட்டுத்தான் கீழே வச்சேன்.